கார் விலையில் ஒரு கடல்

ஜனவரி 2, வெள்ளி

படகு வந்துவிட்டது. கொச்சியிலிருந்து இழுத்து வந்து, பால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். பதினான்கு அடி நீளம், வெள்ளை ஃபைபர் உடம்பு, நீலக் கோடு, பின்னால் மோட்டார். ஐந்து பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் ஒல்லியாக இருந்தால் நல்லது. 'பழைய கார் விலையில் புதுப் படகு' என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். முப்பது வருஷம் தூத்துக்குடியில் லாரி ஓட்டி, லாரி வாங்கி, கடைசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் சுயம்புலிங்கமாகிய எனக்கு வண்டி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகும் ஒரு வண்டிதான். இது உல்லாசத்துக்காக வாங்கியதல்ல, முதலீடு என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மனைவி செல்வக்கனி கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தாள்.

"இது என்னது?"

"படகு."

"அது தெரியுது. கோலம் போடுத எடத்துல எதுக்கு நிக்கி?"

மார்ச் மாதம் அவள் கோயம்புத்தூர் போகிறாள். எங்கள் மகள் சுபாஷினிக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் அங்கேதான் இருக்கப் போகிறாள். போன மாதமே டிக்கெட் போட்டாயிற்று. டிக்கெட் போட்ட மறுநாள் நான் இந்த விளம்பரத்தைப் பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. போவதற்குள் அவளை ஒரு நாள் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். கடற்கரை ஊரில் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, கால் நனைத்ததோடு சரி.

அவள் தம்பி தங்கத்துரை வந்து படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான், எதைப் பார்த்தாலும் அவனுக்குப் பந்திதான் ஞாபகம் வரும்.

"அத்தான், ஓடலைன்னா எங்கிட்ட தந்துருங்க. மண்டபத்து வாசல்ல வச்சி, ஐஸக் கொட்டி, கலர் பாட்டில் அடுக்கிருவேன். பிள்ளையளுக்குக் குஷியா இருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை ஐஸில் அடுக்கியிருப்பேன். அதற்குள் செல்வக்கனி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஊருக்குப் போறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ ஏறுதேன். என் சேல நனையாமக் கொண்டாந்து எறக்கிட்டியன்னா படகு உங்களுக்கு. உள்ள தண்ணி ஏறி சேல நனைஞ்சிதுன்னா தம்பிக்கு."

சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு பூஜை. இழுவை வண்டியின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். லாரிக்காரன் தேங்காயைத் தரையில் உடைக்க மாட்டான், பம்பரில்தான் உடைப்பான். வண்டியில் படாத தேங்காய் வண்டிக்குச் சேராது. படகுக்குப் பம்பர் இல்லாததால் மூக்குக்குக் கீழே, சரியாகப் பம்பர் உயரத்தில், ஓங்கி அடித்தேன். தேங்காய் துள்ளித் திரும்பி வந்தது. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது அடியில்தான் பிளந்தது. படகே ஒரு முறை அதிர்ந்தது. நல்ல சகுனம்.

ஜனவரி 4, ஞாயிறு

வெள்ளோட்டம். ஜீப்பின் பின்னால் படகை மாட்டிக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போனேன். தாமிரபரணி கடலில் சேர்கிற இடம். கழிமுகத்துத் தண்ணீர் தொட்டித் தண்ணீர் மாதிரி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை, எல்லோரும் மாதா கோவில் பூசைக்குப் போய்விடுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். பூசை முடிந்ததும் ஊரே வெள்ளைச் சட்டையோடு துறையில் நின்று என்னை வேடிக்கை பார்த்தது.

அதில் ஒருவன்தான் ரெமிஜியுஸ். படகு மோட்டார், ஃபைபர் ஒட்டு எல்லாம் பார்க்கிறவன்.

"அண்ணாச்சி, உள்ள தண்ணி ஏறுதே!"

"புதுப் படகு கொஞ்சம் குடிக்கத்தான்டே செய்யும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கணுக்கால் வரை குடித்திருந்தது. இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் ஆள் படுத்துவிட்டால் இடுப்பளவும் ஆழந்தான். ரெமி சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டான். எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஒரு குறையா? லாரி ஓட்டுகிறவனுக்கு நீச்சல் எதற்கு?

சட்டையை ஜீப் மேல் போட்டுக் காயவைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். செல்வக்கனியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 5, திங்கள்

இடுப்புப் பிடிப்பு. செல்வக்கனி என் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து ஒரு நண்டுக் குஞ்சை எடுத்துத் திண்டில் வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பது நல்லதற்கில்லை.

ஜனவரி 8, வியாழன்

ரெமி வீட்டுக்கு வந்து பார்த்தான். மூக்குக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். இவ்வளவு மெல்லிய உடம்புள்ள படகை அவன் பார்த்ததில்லையாம். "எதுலயோ மோதிருக்கிய அண்ணாச்சி. பாறையா?" என்றான். பாறை இருக்கிற இடம் வரைக்கும் என் படகு இன்னும் போகவே இல்லையே! ஒட்டுப் போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் செல்வக்கனி படகின் மேல் தார்ப்பாயை விரித்துக் கூழ்வடகம் காயவைத்தாள். இந்தத் தெருவில் இவ்வளவு உயரமான, பூனை ஏறாத இடம் வேறு இல்லையாம். பிறகு குனிந்து அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த எடத்துலதான தேங்கா ஒடச்சிய?"

"ஆமா. சரியா பம்பர் உயரம்."

"ம்" என்றாள். வடகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

நம்பவே முடியவில்லை. படகைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவள் காலையிலேயே குளித்து, மஞ்சள் தடவிய தேங்காயோடு நிற்கிறாள்.

"வெள்ளிக்கெழம. பூஜை போடலியா?"

பக்தி எப்போது யாருக்கு வரும் என்று யார் கண்டது? தேங்காயும் நல்ல முற்றின காய். நான் வாங்கியிருந்தால் இப்படிப் பார்த்து வாங்கியிருக்க மாட்டேன்.

"ஓங்கி அடிங்க. சாமி காரியத்துல கை தளரப்புடாது" என்று பக்கத்தில் நின்று சொன்னாள். ஓங்கி அடித்தேன்.

ஜனவரி 10, சனி

தண்ணீர். கொச்சிக்காரருக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டேன். அவர் பொறுமையாக, "எதிலயாவது இடிச்சீங்களா சார்?" என்று கேட்டார். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன், எதிலும் இடிக்கவில்லை என்று.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. முன்பெல்லாம் லாரிக்கு மாலை போடுவேன், இந்த வருஷம் படகுக்குப் போட்டேன். நெற்றிக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் ஒரு வெண்கல மணி. படகுக்குக் கழுத்து எது என்று தங்கத்துரை கேட்டான். கேட்கத்தான் அவன் லாயக்கு.

செல்வக்கனி இன்றைக்கு இரண்டு தேங்காய் கொண்டுவந்தாள். ஒன்று பொங்கலுக்கு, ஒன்று வெள்ளிக்கிழமைக்கு.

ஜனவரி 17, சனி

தண்ணீர். துறையில் இறக்கி மணியைக் கழற்றுவதற்குள் கணுக்கால் வரை ஏறிவிட்டது. ரெமி நெற்றியைச் சொறிந்துகொண்டு, ஓங்கல் மீன், அதாவது டால்பின், மூக்கால் முட்டியிருக்கலாம் என்கிறான். வீட்டு வாசலில் நிற்கிற படகை மீன் எப்போது வந்து முட்டியது என்று கேட்டால், "அதுதான் அண்ணாச்சி எனக்கும் புரியல" என்கிறான். இது தங்கத்துரை கண்ணேதான். அவன் பார்த்தால் பச்சை மரமும் பட்டுப்போகும்.

ஜனவரி 22, வியாழன்

படகு வைத்திருப்பது பற்றிச் சில உண்மைகள். அது தண்ணீரில் இருக்கிற நேரத்தைவிட வாசலில் இருக்கிற நேரம் அதிகம். வாசலில் இருக்கும்போது காக்கை எச்சமிடும். தார்ப்பாய்க்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, ஏறாத இடம் என்று சொன்னது சும்மா. தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் பந்தைத் தேடி ஏறுகிறார்கள். பெட்ரோல் பங்கில் கேனை நீட்டினால் தீவைக்கப் போகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் மோட்டாரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. ஆனாலும் மாலையில் துணியை நனைத்து அதைத் துடைக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி இதமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 24, சனி

ஜோசியரைப் பார்த்தேன். எனக்கு ஜலராசியில் ஏதோ ஒன்று வக்கிரமாக நிற்கிறதாம், ஒரு தேங்காய் பத்தாதாம், வெள்ளிதோறும் மூன்று உடைக்க வேண்டுமாம். பணம் பறிக்கிற வேலை, செல்வக்கனி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். அவள் உடனே ஈத்தாமொழிக்குப் போன் செய்து, அவள் சித்தப்பா மகனிடம் ஒரு மூட்டை தேங்காய் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னாள். ஈத்தாமொழிக் காய் ஒவ்வொன்றும் பீரங்கிக் குண்டு கணக்காக இருக்கும். இப்படி ஒரு மனைவி அமைய நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

காலை தேங்காய்ச் சட்னி, மத்தியானம் தேங்காய்ச் சாதம், அவியல், சாயங்காலம் தேங்காய் பர்பி. டாக்டர் என் கொழுப்பைப் பற்றி ஏதோ சொன்னார். படகுக்கு நாலாவது ஒட்டு.

பிப்ரவரி 5, வியாழன்

செல்வக்கனி பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். இறக்கிக் கொடுத்துவிட்டுப் படகைத் துடைக்கப் போய்விட்டேன்.

சுபாஷினி போனில், "அப்பா, நீங்களும் அம்மாகூட வந்திருங்களேன்" என்றாள். படகை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். மகள் வீட்டில் போய் மாதக்கணக்கில் உட்கார நான் என்ன வேலையற்றவனா?

பிப்ரவரி 13, வெள்ளி

திருச்செந்தூரில் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். தீட்டு. பூஜை கிடையாது. செல்வக்கனிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தீட்டு நமக்குத்தான? அந்த ரெமியக் கூப்புட்டு ஒடைக்கச் சொல்லுங்க."

"அவன் வேதக்காரன். அவனப் போயி தேங்கா ஒடைக்கச் சொல்லவா?"

"மெழுகுவத்தி கொளுத்தச் சொல்லி, அப்படியே தேங்காயையும் ஒடச்சிரச் சொல்லுங்க."

என்ன பக்தி! ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. முடியாது என்றுவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

ஒரு சொட்டு இல்லை! ரெமியையும் ஏற்றிக்கொண்டு ஆறு கடலில் சேர்கிற முகம் வரைக்கும் போய் வந்தேன். படகு ஓடவில்லை, பறந்தது. உள்ளே பூனைமுடியும் ஒரு வடகமும் தவிர வேறெதுவும் இல்லை, இரண்டும் காய்ந்து கிடந்தன. ரெமி தன் ஒட்டுதான் காரணம் என்கிறான், நான் ஜோசியர் என்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் செல்வக்கனியிடம், "அடுத்த வாரம் ரெமியும் வேண்டாம், நான் தனியாவே கடலுக்குள்ள போயிட்டு வாறேன்" என்றேன். அவள் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

தீட்டுக் கழிந்துவிட்டது. செல்வக்கனி மூட்டையிலேயே பெரிய காயாக மூன்றைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தாள். போன வெள்ளிக்கும் சேர்த்து இன்னும் மூன்று.

பிப்ரவரி 21, சனி

தண்ணீர். முழங்கால் வரை. படகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபது வயதில் ஒருவன் துறையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அழுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணில் உப்புக்காற்று.

பிப்ரவரி 23, திங்கள்

தங்கத்துரை டேப்போடு வந்து படகை அளந்தான். எத்தனை பார் ஐஸ் பிடிக்கும் என்று கணக்குப் போடுகிறானாம். நான் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வருகிற ஞாயிறு செல்வக்கனியை ஏற்ற வேண்டும். அதற்கடுத்த செவ்வாய் அவளுக்கு ரயில்.

சாயங்காலம் படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செல்வக்கனி ரொம்ப நேரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வடகம் எடுக்க வந்தாள் போல. ஆனால் எடுக்காமலே போய்விட்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

ரெமி கடைசி ஒட்டைப் போட்டு, பளபளவென்று தேய்த்துக் கொடுத்தான். இனி ஒட்டுவதற்கு ஒட்டில்லாத இடமே இல்லை என்கிறான். பூஜைக்குத் தேங்காய் கேட்டால், செல்வக்கனி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வேண்டாம். ஞாயித்துக்கெழம தொறையிலயே ஒடச்சிக்கிடலாம்" என்றாள். மறதி வந்துவிட்டது அவளுக்கு, பிரயாணக் கவலை.

மார்ச் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கத்துரை முன்னாடியே வந்திருந்தான், ஐஸ் ஏற்றிய குட்டி டெம்போவோடு. என் படகு மூழ்கும் என்பதில் அவ்வளவு நம்பிக்கை! செல்வக்கனி நல்ல பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். பையிலிருந்து ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை இரண்டை எடுத்தாள். எங்கே வாங்கினாள், எப்போது வாங்கினாள், தெரியாது. பிறகு தேங்காயை எடுத்தாள்.

வாங்கி, பம்பர் உயரத்துக்குக் கையை ஓங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அதக் கல்லுல ஒடைங்க."

"வண்டியில படாத தேங்கா..."

"கல்லுல ஒடைங்கன்னு சொல்லுதேன்லா."

அவள் முகத்தைப் பார்த்தேன். படகின் மூக்கைப் பார்த்தேன். ஒட்டுக்கு மேல் ஒட்டு, எல்லாம் ஒரே இடத்தில். தேங்காய் என் கையில் கனத்தது.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"வடகம் போட்ட அன்னிக்கி."

"பாவி! அப்புறமும் ஈத்தாமொழிலேருந்து மூட்ட எறக்குனியா?"

"ஏன், சட்டப்பையில நண்டோட வந்து நின்னியள, எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒங்களுக்கு நீச்சல் தெரியாது. போவாதியன்னு சொன்னா கேப்பியளா? படகு ஒழுகுனா நீங்க கரையிலயாவது கெடப்பியன்னு நெனச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் போன பெறவு தேங்கா எடுத்துத் தாரது யாரு? ஒழுகலன்னா நீங்க தனியாக் கெளம்பிருவிய. அதான் நான் இருக்கும்போதே ஒரு தடவ போயிட்டு வந்துருவோம்னு பாத்தேன்."

"ஒழுகட்டும்னு விட்டிருந்தா இன்னிக்கே ஒந்தம்பி ஐஸக் கொட்டியிருப்பானே?"

அவள் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டினாள்.

"கொடுத்திருக்கலாம்தான். ஆனா அதத் தொடைக்கும்போது நீங்க பாடுதிய. லாரிய வித்ததுலேருந்து நீங்க பாடி நான் கேக்கல."

நான் பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தேங்காயைப் படிக்கல்லில் உடைத்தேன். ஒரே அடியில் உடைந்தது.

போனோம். ரெமி பின்னால் இருந்தான். ஆற்றைத் தாண்டி, தண்ணீர் பச்சையாக மாறுகிற இடத்தில் மோட்டாரை நிறுத்தினேன். கரையும் தென்னையும் கோவில் கோபுரமும் சின்னதாகத் தெரிந்தன. "நம்ம ஊர்ப்பக்கம் இவ்ளோ அழகா இருக்குமா!" என்றாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் போவோமா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போனோம்.

திரும்பி வரும்போது ஓர் அலை மூக்கில் மோதி அவள் முந்தானையில் தெளித்தது. கரையில் இறங்கியதும் தங்கத்துரை பாய்ந்தான்.

"அக்கா, சேல நனைஞ்சிட்டு!"

"இது கடல் தெளிச்ச தண்ணி. படகுல ஏறுன தண்ணி இல்ல. நீ ஐஸக் கொண்டுபோயி மோருல போடு."

மார்ச் 3, செவ்வாய்

ரயில் ஏற்றிவிட்டேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் கைப்பையைத் திறந்து எதையோ தூக்கிக் காட்டினாள். படகுச் சாவி.

"நீச்சல் குளத்துல ஒரு கரையிலேருந்து மறு கரைக்கி நீந்துன அன்னிக்கி வாங்கிக்கிடுங்க! அங்க படிக்க ஒங்க பேரக் கொடுத்திருக்கேன்!"

ஆறு மாதம் நிம்மதி. வீட்டில் கடிகாரச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது, பேட்டரியை மாற்ற வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

நீச்சல் குளம். என்னோடு கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இரண்டாம் வகுப்பு. சொல்லித்தருகிற பெண் ஜோஸ்லின், "அங்கிள், கம்பியப் புடிக்காதீங்க, கைய விடுங்க" என்று கத்துகிறாள். பக்கத்திலிருந்த ஒரு சிறுமி எனக்குத் தன் மிதவைப் பலகையை இரவல் தந்தாள்.

வீட்டுக்கு வந்து தேங்காயை வாசற்படிக் கல்லில் உடைத்தேன். குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை. ஒரு மாறுதலுக்குத்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஏரலிலிருந்து ஒருவர் என் படகைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போன் செய்தார். மலிவு விலையில் ஓர் உல்லாசப் படகு வாங்கலாம் என்று இருக்கிறாராம், பிரயோஜனம் உண்டா என்று கேட்டார். காக்கை, பூனை, பெட்ரோல் கேன், ரெமியின் ஒட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ உங்கத வித்துருவியளா?" என்றார். விற்பதாக இல்லை என்றேன். வாங்கினால் தேங்காயைக் கல்லில் உடையுங்கள் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டார், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை மறு கரையைத் தொட்டேன். இரண்டாம் வகுப்பு முழுக்கக் கைதட்டியது. செல்வக்கனிக்குப் போன் செய்தேன். பேத்தி பின்னால் அழுதுகொண்டிருந்தாள்.

"நெசமாவா? அப்போ சாவியக் கொரியர்ல போட்டுவிடட்டா?"

கொரியரை எப்படி நம்புவது? வழியில் தொலைந்துவிட்டால்? இந்த மாதிரிக் காரியங்களில் ஆளே நேரில் போவதுதான் முறை. நாளைக்கு ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். படகுக்குத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று, பூனைக்குப் பால் வைக்க ரெமியிடம் சொல்லியாயிற்று. திரும்பி வர டிக்கெட் இன்னும் போடவில்லை. சாவியை வாங்கத்தான் போகிறேன்.